முழங்கால் ஓரத்தில் கட்டி: மெனிஸ்கஸ் நீர்க்கட்டியை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"எலும்பு துருத்திக்கிட்டு வருது, பாருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பலரும் உள்ளே வருவார்கள். உட்கார்ந்ததும் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டி, கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்திக் காட்டுவார்கள். கோலிக்குண்டு அளவில், தள்ளினாலும் நகராமல், எலும்பைப் போலவே கெட்டியாக ஒரு புடைப்பு இருக்கும். அதற்குள் யாரோ கொழுப்புக் கட்டி என்றிருப்பார். இன்னொருவர் சுளுக்கு என்று நீவிவிட்டிருப்பார். இணையத்தில் தேடி, புற்றுநோய் வரைக்கும் போய்ப் பயந்து திரும்பியவர்களும் உண்டு.

பிசியோதெரபி செய்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது கட்டியைப் பற்றியே இருக்காது. "முட்டி எப்பவாவது திருகிக்கிச்சா? படி இறங்கும்போது ஓரமாக் குத்துதா?" என்றுதான் கேட்பேன். காரணம் எளிது. மெனிஸ்கஸ் என்பது மூட்டுக்குள் இருக்கும் வில்லை; அதில் வரும் நீர்க்கட்டி தானாக முளைப்பது அரிது. உள்ளே ஒரு கிழிசல் இருக்கும்; அதிலிருந்து கசிந்ததுதான் வெளியே கட்டியாகத் தெரிகிறது. கட்டியை மட்டும் துரத்துகிறவர்கள் ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அதே கட்டியோடு திரும்பி வருகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று என இரண்டு பிறை வடிவ வில்லைகள் இருக்கின்றன. நடக்கும்போது விழும் பாரத்தைப் பரப்பிவிடுவது இவற்றின் வேலை. இவைதான் மெனிஸ்கஸ். பேச்சு வழக்கில் 'ஜவ்வு'. இந்த ஒரு சொல்லால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல. எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் தசைநாரையும் ஜவ்வு என்கிறோம், இந்த வில்லையையும் ஜவ்வு என்கிறோம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்டுவிடுங்கள்.

இந்த வில்லை பல விதமாகக் கிழியும். நீர்க்கட்டிக்குக் காரணமாவது பெரும்பாலும் கிடைவாக்கில் விழும் கிழிசல். ஈரத்தில் ஊறிய அட்டை இரண்டு ஏடாகப் பிரிகிற மாதிரி, மெனிஸ்கஸ் மேலேடு கீழேடாகப் பிளந்துகொள்ளும். அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம் அந்தப் பிளவுக்குள் பிதுங்கி, வெளி ஓரம்வரை வந்து சேரும். வந்தது திரும்பிப் போவதில்லை. சைக்கிள் டயரில் வால்டியூப் செய்யும் வேலையைத்தான் இந்தக் கிழிசலின் உதடுகள் செய்கின்றன: உள்ளே விடும், வெளியே விடாது. நாளாக ஆகத் தண்ணீர்ச் சத்து குறைந்து, உள்ளே இருப்பது கெட்டிப்பட்டு, ஜெல்லி போல ஆகிவிடும். 20 முதல் 40 வயதுக்குள் இருக்கும் ஆண்களிடம் அதிகம் பார்க்கிறோம். மற்றவர்களுக்கு வராது என்றில்லை.

முதலில் மூட்டுக்கோட்டைக் கண்டுபிடியுங்கள்

கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இதுதான் அளவுகோல். அதனால் இதற்கு இரண்டு நிமிடம் செலவழியுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் படிய, முட்டியைச் செங்கோணத்தில் மடக்கிக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லின் கீழ் முனையிலிருந்து நேர்கீழே கயிறு போல ஒரு தடித்த நாண் இறங்கும். அதன் இரண்டு பக்கமும் மெத்தென்ற குழி இருக்கும். கட்டைவிரலை வெளிப்பக்கக் குழியில் வைத்து, அழுத்தத்தை விடாமல் ஓரமாக, பின்பக்கம் நோக்கி நகர்த்துங்கள். மேலே ஓர் எலும்பு விளிம்பு, கீழே ஓர் எலும்பு விளிம்பு, நடுவே விரல் நுனி புதையும் அளவுக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும். அதுதான் மூட்டுக்கோடு. அப்படியே உட்பக்கமும் தடவிப் பாருங்கள். நன்றாக இருக்கும் காலில் முதலில் பார்த்துப் பழகிவிட்டு, பிறகு கட்டி உள்ள காலுக்கு வாருங்கள். வித்தியாசம் விரலுக்கே புரியும்.

கட்டி அந்தப் பள்ளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தால், மெனிஸ்கஸைச் சந்தேகிக்கலாம். பள்ளத்தை விட்டு நான்கு விரல் கீழே, நான்கு விரல் மேலே என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

வெளிப்பக்கம், மூட்டுக்கோட்டின் மேலேயே கட்டி. மடக்கினால் காணாமல் போகிறது

பாடப்புத்தகத்தில் இருக்கும் மெனிஸ்கஸ் நீர்க்கட்டி இதுதான். காலை முழுக்க நீட்டாமல், லேசாக மடக்கிய நிலையில், சுமார் 20 முதல் 45 டிகிரிக்குள், நன்றாகத் துருத்தி நிற்கும். முழுக்க மடக்கினால் உள்ளே அமுங்கிவிடும். மடங்கும்போது மெனிஸ்கஸ் பின்பக்கமாக நகர்கிறது. கட்டியும் அதோடு இழுபட்டு மூட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. 1947-இல் இதை எழுதி வைத்த மருத்துவரின் பெயரால் இதற்குப் பிசானி அறிகுறி என்றே பெயர்.

இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனாலும் செய்யத் தவறுகிறோம். நானே தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வெளிப்பக்க வலியோடு வந்த ஓர் இளைஞருக்குத் தசைநாண் வீக்கம் என்று நினைத்து மூன்று வாரம் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் மல்லாந்து படுத்து, முட்டியை நன்றாக மடக்கி வைத்திருப்பார். அந்த நிலையில் கட்டி எனக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் சிகிச்சை முடிந்து, ஷூ மாட்டுவதற்காகக் காலைப் பாதி நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் ஓரமாக ஒரு மேடு நிழல் விழுந்தது. "இது எப்ப வந்தது?" என்றேன். "இதுக்குத்தானே சார் வந்தேன்" என்றார்.

அதிலிருந்து எந்த முழங்காலையும் மூன்று நிலையில் பார்க்காமல் விடுவதில்லை: முழுக்க நீட்டி, பாதி மடக்கி, முழுக்க மடக்கி. நீங்களும் மூன்று நிலையிலும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும் அன்றைக்குக் கட்டி சின்னதாகிப் போயிருப்பது சகஜம்.

கட்டியின் மேல் அழுத்தினால் வலிக்கிறதா, நாள் முழுக்க நின்று வேலை செய்தால் பெரிதாகிறதா, ஓய்வெடுத்தால் சுருங்குகிறதா என்றும் கவனியுங்கள். வேலைக்கு ஏற்றபடி ஏறி இறங்குகிற கட்டி, மூட்டோடு தொடர்புள்ள கட்டி. இது கொஞ்சம் நிம்மதி தரும் சேதி.

உட்பக்கம் புடைப்பு, ஆனால் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை

உட்பக்க நீர்க்கட்டி ஏமாற்றும். அங்கே மூட்டு உறையும் தசைநாரும் தடிமனாக இருப்பதால், திரவம் நேராக வெளியே தள்ள முடியாமல், இளகிய வழி தேடி ஊர்ந்து போகும். பெரும்பாலும் பின்பக்க ஓரத்தில் போய்த் தேங்கும். கிழிசல் ஓரிடம், கட்டி வேறிடம். அதனால்தான் கையால் தடவிப் பார்த்த காலத்தில் வெளிப்பக்கக் கட்டிதான் பல மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு உட்பக்கமும் சளைத்ததல்ல என்று தெரிந்தது. கைக்குத் தட்டுப்படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது, மூட்டுக்கோட்டுக்கு ஏறக்குறைய மூன்று நான்கு விரல் கீழே, கீழ்க்கால் எலும்பின் உட்பக்கச் சரிவில் வரும் திரவப்பை வீக்கம். மூன்று தசைநாண்கள் வந்து சேரும் இடம் அது. உடல் எடை கூடியவர்களுக்கும் முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கும் வரும். மூட்டுக்கோடு எங்கே என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது.

உட்பக்கம் முட்டியிலிருந்து கணுக்கால் நோக்கி மதமதப்பு அல்லது எரிச்சல் ஓடினால், அந்த வழியே போகும் தோல் நரம்பைக் கட்டி அழுத்துகிறதோ என்று யோசிக்க வேண்டும். டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். வலி என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் இது கவனத்துக்கு வராது.

முட்டிக்குப் பின்னால், மடக்கும் இடத்தில் கட்டி

இங்கே வருவது பெரும்பாலும் பேக்கர் நீர்க்கட்டி. 1877-இல் வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதை விவரித்தார். அதனால் இந்தப் பெயர். இது மெனிஸ்கஸ் ஓரத்தில் வரும் கட்டி அல்ல. மூட்டுக்குள் சுரந்த அதிகப்படி நீர், பின்பக்கம் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கும் பைக்குள் போய் நிரம்புவது. ஆனால் நீர் ஏன் அதிகம் சுரந்தது என்று கேட்டால், மெனிஸ்கஸ் கிழிசலோ தேய்மானமோ அங்கேயும் தலைகாட்டும். நின்றுகொண்டு காலை நேராக்கினால் கெட்டியாகும், மடக்கினால் தளரும். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

பின்பக்கக் கட்டியில் இரண்டு விஷயத்தில் விளையாடக் கூடாது.

ஒன்று, கட்டியின் மேல் விரல் வைத்தால் நாடி போலத் துடிக்கிறதா? துடித்தால் அது நீர்க்கட்டி இல்லாமல், ரத்தக் குழாய் உப்பிய வீக்கமாக இருக்கலாம். ஊசி வைக்கவே கூடாது. அழுத்தி நீவவும் கூடாது. ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும். இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த காலிலும் இருக்கும் என்பதால், இரண்டு காலையும் பார்ப்பார்கள்.

இரண்டு, நேற்றுவரை இருந்த கட்டி திடீரென்று காணோம். பதிலாகக் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து வலிக்கிறது. கட்டி வெடித்து நீர் கீழே இறங்கியிருக்கலாம். கணுக்காலுக்குக் கீழே பிறை போல ரத்தக் கன்றல் தெரிந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். ஆனால் காலின் ஆழ் சிரையில் ரத்தம் உறைந்தாலும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, யாராலும் முடியாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை அன்றைக்கே எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேன் மையத்துக்கல்ல, அவசர சிகிச்சைக்கு.

முன்பக்கம், சில்லின் மேல் மெத்தென்று வீக்கம்

மண்டியிட்டு வேலை செய்பவர்களுக்கு வரும் திரவப்பை வீக்கம். மெனிஸ்கஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூடாகச் சிவந்திருந்தால் கிருமித் தொற்று இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி முட்டியைத் தரையில் ஊன்றுவதை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கும்.

கட்டியோடு, முட்டி பாதியில் மாட்டிக்கொள்கிறது

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 'லாக் ஆயிடுச்சு' என்று பலரும் சொல்வது, வலியால் கால் விறைத்துப்போவதை. நாற்காலியிலிருந்து எழும்போது பிடித்துக்கொள்ளும். நாலு அடி நடந்தால் விட்டுவிடும். இது உண்மையான பூட்டல் அல்ல. உண்மையில் பூட்டினால் முட்டி மடங்கும், ஆனால் கடைசிப் பத்து இருபது டிகிரி நீளவே நீளாது. யாராவது பிடித்து நீட்டினால் ரப்பரில் மோதியது போலத் திரும்பித் துள்ளும். கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு வாளிக் கைப்பிடி போல மடிந்து மூட்டுக்கு நடுவே விழுந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

அப்போது கட்டியைப் பற்றிய கவலையை ஓரமாக வையுங்கள். சில நாட்களுக்குள் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அந்தத் துண்டைத் திரும்ப இடத்தில் வைத்துத் தைக்க வாய்ப்பிருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. நாள் கடந்தால் துண்டு நைந்து, வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகும். பலம் கொண்டு நீட்டிப் பார்ப்பதும், யாரிடமாவது போய்ச் 'சொடக்கு' எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

பாதத்தைத் தூக்க முடியவில்லை

முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்கோட்டுக்குக் கீழே ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கான நரம்பு போகிறது. அங்கே உள்ள சின்ன மூட்டிலிருந்து கிளம்பும் நீர்க்கட்டியும், அபூர்வமாக வெளிப்பக்க மெனிஸ்கஸ் கட்டியும் இந்த நரம்பை நெருக்கலாம். நடக்கும்போது செருப்பு நுனி தரையில் உரசுவது, பெருவிரலை மேலே மடக்கத் தெம்பில்லாமல் போவது, பாதத்தின் மேல்பக்கம் உணர்ச்சி மங்குவது ஆகியவை முதலில் தெரியும். இதில் காத்திருந்து பார்ப்பது கிடையாது. நரம்பு எவ்வளவு நாள் நெருக்குண்டதோ அவ்வளவுக்கு மீள்வது கடினம்.

கட்டி, வேலைக்கும் ஓய்வுக்கும் சம்பந்தமில்லாமல் வளர்ந்துகொண்டே போகிறது

மேலே சொன்னதில் எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மூட்டுக்கோட்டை விட்டு விலகி, ஆழத்தில் புதைந்து, வாரக் கணக்கில் பெரிதாகும் கட்டி. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நீர்க்கட்டி என்று யார் சொன்னாலும் ஸ்கேன் பார்க்காமல் நம்பாதீர்கள். மென்திசுப் புற்றுநோயில் சினோவியல் சார்கோமா என்று ஒரு வகை இருக்கிறது. இளம் வயதினருக்கு, முழங்காலைச் சுற்றி வரக்கூடியது. மெதுவாக வளரும், ஸ்கேனில்கூடச் சில நேரம் நீர்க்கட்டி போல வேஷம் போடும். அபூர்வம்தான். ஆனால் தெரியாமல் அதில் ஊசியைக் குத்திவிட்டாலோ, கொழுப்புக் கட்டி என்று அறுத்துவிட்டாலோ பிற்பாடு செய்ய வேண்டிய சிகிச்சை சிக்கலாகிவிடும். கட்டிக்கும் மூட்டுக்கும் இணைப்பு தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தால், மருந்து செலுத்தி மறுபடி எடுக்கும் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்க்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. நீர் நிறைந்த கட்டி செவ்வொளியாக மின்னும், கெட்டியான கட்டி இருண்டு கிடக்கும். செய்து பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் மெனிஸ்கஸ் கட்டியில் இருப்பது கெட்டியான ஜெல்லி, அதுவும் பல அறைகளாகப் பிரிந்திருக்கும், சரியாக மின்னாது. இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார்கள்: எதை?

எக்ஸ்ரேயில் நீர்க்கட்டியும் தெரியாது, மெனிஸ்கஸும் தெரியாது. பிறகு ஏன் முதலில் எக்ஸ்ரே என்றால், தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முனை ஓரத்தில் துருத்தினாலும் கைக்குக் கட்டி போலத்தான் இருக்கும். அதையும் எலும்புக் கட்டிகளையும் விலக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் உள்ளே நீரா, கெட்டியா, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். மடக்கி நீட்டி, அசைவிலேயே பார்க்கலாம். ஆனால் மூட்டின் ஆழத்தில் இருக்கும் கிழிசலை அதில் முழுதாகப் பார்க்க முடியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. தான்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் தேட வேண்டியது மூன்று: கட்டி எந்த மெனிஸ்கஸை ஒட்டியிருக்கிறது, கிழிசல் எந்த வகை, கட்டிக்கும் கிழிசலுக்கும் தொடர்பு தெரிகிறதா. வெளிப்பக்க மெனிஸ்கஸின் முன்முனையில் வரும் கட்டிகளில் சில நேரம் கிழிசலே தெரியாமல் போகும். அது தவறான ரிப்போர்ட் என்று அவசரப்பட வேண்டாம்.

வலியே இல்லை, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் கட்டி என்று வந்திருக்கிறது

இப்படி வருபவர்களோடு பேசுவதுதான் எனக்கு நேரம் பிடிக்கும் வேலை.

"சார், கிழிசல்னு போட்டிருக்கு, நீர்க்கட்டின்னு போட்டிருக்கு. ஆபரேஷன்தானா?"

"உங்களுக்கு எங்கம்மா வலிக்குது?"

"சில்லுக்கு முன்னாடி. படி ஏறும்போது."

"கட்டி இருக்கிறது பின்பக்க ஓரத்துல. அது ஒரு பக்கம் சும்மா இருக்கு. வலி வேற இடத்துல."

ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. 2008-இல் அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ விறைப்போ எதுவுமில்லை. கட்டி இருக்கும் இடமும் வலிக்கும் இடமும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. தொந்தரவு தராத நீர்க்கட்டியை விட்டுவிடலாம். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் வந்தால் மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

வலிக்கிறது, ஆனால் பூட்டவில்லை

பெரும்பாலானவர்கள் இந்த வகைதான். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சியோடு முயன்று பாருங்கள் என்பதே என் கட்சி, குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. தேய்ந்து கிழிந்த மெனிஸ்கஸை நுண்துளை அறுவையில் சீவி எடுப்பதையும், துளை போட்டுக் கேமராவால் பார்த்துவிட்டு உள்ளே எதையும் எடுக்காமல் விடுவதையும் ஃபின்லாந்தில் 146 பேரிடம் ஒப்பிட்டார்கள். மூட்டு எலும்புத் தேய்மானம் இல்லாத, 35 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் அவர்கள். 2013-இல் வந்த முடிவு: ஓராண்டு கழித்து இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. துருத்தி நிற்கும் நீர்க்கட்டிக்காகச் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் கத்திக்கு முன் பொறுமை காட்ட நல்ல காரணம்.

முதல் இரண்டு வாரம் குத்தவைத்து உட்காருவதையும், சம்மணம் போடுவதையும், ஊன்றிய காலில் உடம்பைத் திருப்புவதையும் நிறுத்துங்கள். கிழிசலுக்குள் திரவத்தை அழுத்தித் தள்ளுவது இந்த அசைவுகள்தான். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. வலி மாத்திரை வேண்டுமானால் டாக்டரைக் கேட்டு. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

பயிற்சியில் முதலில் தொடை முன்தசை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி நசுக்குங்கள். ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை. சில்லு மேலே இழுபடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தசை வேலை செய்யவில்லை, நீங்கள் இடுப்பால் ஏமாற்றுகிறீர்கள். அடுத்து, மல்லாந்து படுத்து, காலை நேராக ஓரடி உயரம் தூக்கிப் பிடிப்பது. பிறகு பக்கவாட்டில் படுத்துத் தூக்குவது. இடுப்புத் தசை பலமில்லாவிட்டால் முட்டி உள்பக்கம் சாய்ந்து, மெனிஸ்கஸ்தான் அடிபடும். மூன்றாவது வாரத்திலிருந்து சுவரில் முதுகைச் சாய்த்து 45 டிகிரிவரை மட்டும் இறங்கி ஏறுவது. இருக்கையை உயர்த்தி வைத்த சைக்கிள் நல்லது.

பயிற்சி செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலையில் முட்டி முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால், அளவு மீறிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான அளவுமானி கிடையாது.

பயிற்சியால் கட்டி மறையுமா என்று கேட்பார்கள். சிலருக்குச் சுருங்கும், பலருக்குக் கட்டி அப்படியே இருந்து வலி மட்டும் போகும். கண்ணாடி முன்னால் நின்று அளந்துகொண்டிருக்காதீர்கள்.

ஊசி போட்டு எடுத்தாச்சு, திரும்ப வந்துடுச்சு

வரத்தான் செய்யும். கிழிசல் உள்ளேயே இருக்கிறது, வால்டியூபும் இருக்கிறது. ஊசியால் எடுப்பதற்குப் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அறுவைக்கு உடல்நிலை இடம் கொடுக்காதவர்களுக்கும், சில மாதங்கள் ஒத்திப்போட வேண்டியவர்களுக்கும், வலி உண்மையிலேயே கட்டியால்தானா என்று தெரிந்துகொள்ளவும் உதவும். உள்ளே இருப்பது ஜெல்லி என்பதால் ரத்தம் எடுக்கும் மெல்லிய ஊசியில் ஒன்றும் வராது. 18 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த ஊசி வேண்டும், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்த வேண்டும். கையால் தடவிக் குத்தி, "எதுவும் வரல" என்று அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே ஸ்டீராய்டு போடுவது உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை எகிறும், முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஊசியால் குத்திப் பிழிவது, கட்டியை உடைக்கிறேன் என்று அழுத்துவது: மூட்டுக்குள் கிருமி போனால் முட்டியே நாசமாகும்.

ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்

கட்டியின் இடத்தில்தான் வலி, மூன்று மாதப் பயிற்சியில் குறையவில்லை, எம்.ஆர்.ஐ.யில் கிழிசலோடு தொடர்பு தெரிகிறது. மூன்றும் பொருந்தினால் அறுவை நியாயமானது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கிழிசலுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" கட்டியை மட்டும் வெளியிலிருந்து அறுத்து எடுப்பேன் என்று பதில் வந்தால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

வழக்கமான முறை, இரண்டு சின்னத் துளை வழியாகக் கேமராவையும் கருவியையும் விட்டு, கிழிந்த ஏட்டைச் சீர்செய்து, அந்தப் பிளவு வழியாகவே கட்டியை உள்பக்கம் வடியவிடுவது. நுண்துளை வழியாக மெனிஸ்கஸின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் அறுவையை முதலில் செய்தவர் ஜப்பானின் மசாகி வதனபே, 1962-இல். அதற்கு முன்பெல்லாம் முழு மெனிஸ்கஸையும் அறுத்தெடுத்து விடுவார்கள். அது தேவையில்லாத உறுப்பு என்றே பலர் நினைத்தார்கள். 1948-இல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர், அப்படி எடுத்த முழங்கால்களின் எக்ஸ்ரேக்களில் எலும்பு விளிம்பு வளர்வதையும் மூட்டு இடைவெளி குறுகுவதையும் காட்டினார். எடுத்த இடத்தில் பாரம் நேராக எலும்பின் மேல் விழுகிறது. எவ்வளவு மிச்சம் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது, முக்கியமாக வெளிப்பக்கத்தில்.

தைக்க முடியுமா என்பது கிழிசல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில் மட்டுமே, அகலத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு, ரத்த ஓட்டம் உண்டு. அங்கே தைத்தால் ஒட்டும். இளம் வயதினருக்குக் கட்டியை வெளியிலிருந்து எடுத்துவிட்டு ஏடுகளைச் சேர்த்துத் தைப்பதும் உண்டு.

குணமாகும் காலத்தில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சீவி எடுத்தால் ஓரிரு நாளில் ஊன்றி நடக்கலாம், நான்கு முதல் ஆறு வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பலாம். தைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் ஊன்றுகோல், 90 டிகிரிக்கு மேல் மடக்கத் தடை, குத்தவைத்து உட்கார நான்கு மாதம், விளையாட ஆறு மாதம்வரை. பக்கத்துப் படுக்கைக்காரர் மறுநாளே நடக்கிறாரே என்று நீங்களும் ஊன்றிவிட்டால் தையல் பிய்ந்துகொள்ளும். எது செய்தார்கள் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் பார்த்துவிட்டு பிசியோவிடம் வாருங்கள். இது தெரியாமல் பயிற்சி தொடங்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

அறுவைக்குப் பிறகு

முட்டி இரண்டு மூன்று வாரம் லேசாக வீங்கியிருப்பது இயல்பு. காய்ச்சலோடு முட்டி கொதித்து, அசைக்கவே விடாமல் வலித்தால் தொற்று. அன்றைக்கே போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் இறுகி வீங்கினால் மேலே சொன்ன ரத்த உறைவு ஞாபகம் வரட்டும்.

பழைய இடத்தில் கைக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது என்று ஆறாவது வாரத்தில் பதறி வருவார்கள். வடிந்த கட்டியின் உறை சுருங்கித் தழும்பாகக் கொஞ்ச நாள் தங்கும். வித்தியாசம் காண அதே மூன்று நிலைச் சோதனைதான். மடக்கினாலும் நீட்டினாலும் ஒரே அளவில் இருந்தால் தழும்பு, விட்டுவிடுங்கள். பாதி மடக்கத்தில் எழும்பி முழு மடக்கத்தில் ஒளிந்தால், கிழிசலின் ஒரு துண்டு உள்ளே மிச்சமிருக்கலாம். பழைய படங்களையும் புதிய படங்களையும் எடுத்துக்கொண்டு, அறுவை செய்தவரிடமே முதலில் காட்டுங்கள்.